பின்னால நின்ன வண்டி தான் பிழையா? நானுஓயா ஏத்தத்துல நடந்த ஒரு சின்ன எக்சிடன்ட் கேஸ்

முன்னால உள்ள வண்டியோட பின்பக்கம் அடிபட்டிருந்தா பின்னால வந்தவன் மேலதான் பிழை, இத நம்ம பக்கம் ட்ரைவிங் பழக்குறவங்கள்ல இருந்து பொலிஸ் வரைக்கும் எல்லாரும் யோசிக்காம சொல்ற கதை. சமதரையில அது அநேகமா சரியாவும் இருக்கும். ஆனா ஏத்தத்துல க்யூ நிக்கிற நேரம் முன்னால உள்ள வண்டி பின்னுக்கு உருண்டு வந்து முட்டினாலும் அடி விழுற எடம் அச்சு அசலா அதேதான், அவரோட பின் பம்பர், நம்மளோட முன் பம்பர். பார்க்கிற ஆளுக்கு வித்தியாசமே தெரியாது. என் தம்பி மேல பழி வந்தது இப்பிடித்தான். அத எப்பிடி படிப்படியா எறக்கி வச்சோம்னு முழுசா எழுதுறேன், ஏன்னா மலையகத்துல ஹயர் ஓடுற பொடியன்கள் எத்தனையோ பேர் இதே மாதிரி மாட்டிக்கிட்டு "சரி விடு, சின்ன தொகை தானே"ன்னு செய்யாத பிழைக்கு காச குடுத்துட்டு வர்றாங்க, அத பார்க்க பார்க்க எனக்கு மனசு ஆறுறதே இல்ல.

தம்பி தலவாக்கலையில ஆல்டோ ஒன்னு வச்சு ஹயர் ஓடுறான், லீசிங்ல எடுத்த கார். அன்னைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போற ஒரு வயசான அம்மாவையும் அவங்க மகளையும் ஏத்திக்கிட்டு வெள்ளனவே கெளம்பிட்டான். ஏப்ரல் சீசன் நேரம். ஏ7 ரோட்டுல ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலைன்னு நானுஓயா வரைக்கும் ஒரு மாதிரி ஓடிரும், அதுக்கு மேல டவுன் வரைக்கும் ஏத்தம் தான், நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரத்துல இருக்கு, கீழ் நாட்டுல இருந்து சீசனுக்கு வர்ற வாகனம் எல்லாம் அந்த ஏத்தத்துல தான் வந்து தேங்கி நிக்கும். பத்தடி நகரும், நிக்கும், மறுபடி பத்தடி. அன்னைக்கு காலையில மழை தூறி விட்டிருந்துச்சு, மிஸ்ட் எறங்கி ரோட்டோரத்து மரம் கூட சரியா தெரியல.

தம்பிக்கு முன்னால ஒரு பெரிய ஜீப், ஆட்டோ கியர். பின்னால மரக்கறி ஏத்த போற காலி லொறி ஒன்னு. க்யூ நின்ன உடனே தம்பி ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு கால் பிரேக்கயும் மிதிச்சுக்கிட்டு தான் நின்னிருக்கான், ஏத்தத்துல அவன் எப்பவும் அப்பிடித்தான். கொஞ்ச நேரத்துல ஜீப்போட பிரேக் லைட் அணைஞ்சிருக்கு, முன்னுக்கு எடுக்கப் போறாருன்னு இவன் பார்த்துக்கிட்டு இருக்கிறப்பவே ஜீப் பின்னுக்கு வந்திருக்கு. ரிவர்ஸ் லைட் எரியல. ஹோர்ன் அடிச்சிருக்கான், லொறிக்காரரும் அடிச்சிருக்காரு, அதுக்குள்ள ஜீப்புக்கு பின்னால நீட்டிக்கிட்டு இருந்த டோ பார் (வேற வண்டிய கட்டி இழுக்க பூட்டுற இரும்பு) வந்து ஆல்டோ பம்பர்ல குத்தி, கிரில் ஒடஞ்சு, இடது பக்க ஹெட்லைட் நொறுங்கி, கார் ஒரு அடி போல பின்னுக்கு தள்ளிப் போயிருக்கு. ஜீப்புக்கு பின் பம்பர்ல ஒரு வெடிப்பு, ஒரு சென்சர் உள்ளுக்கு போயிருச்சு. ஆளுக்கு ஒன்னும் இல்ல.

ஜீப்ப ஓட்டினவர் எறங்கி வந்த உடனே கேட்ட கேள்வி, தூங்கிக்கிட்டா ஓட்டுற? பின்னால உள்ள வண்டிகள்ல இருந்தும் ஆளுக எறங்கி வந்துட்டாங்க, பார்த்த உடனே அவங்களும் ஆல்டோ தான் முட்டியிருக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. பம்பர், சென்சர், பெயின்ட் எல்லாத்துக்கும் 150,000 ரூபா ஆகும், இப்பவே குடுத்தா பொலிசுக்கு போகலன்னு அவர் சொல்லியிருக்காரு.

இங்க ஒன்ன நேர்மையா சொல்லணும். அந்த முதல் அஞ்சு நிமிசத்துல அவர் பொய் சொன்னாருன்னு நான் சொல்ல மாட்டேன். ரயில்ல உக்காந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தா நம்ம ரயில் தான் கெளம்பிருச்சுன்னு தோணும் பாருங்க, மிஸ்ட்ல பக்கத்துல ஒரு மரமோ மதிலோ தெரியாம, முன்னால உள்ள வண்டிகள் மெதுவா நகர்ற நேரத்துல நம்ம வண்டி மெல்ல பின்னுக்கு உருண்டா அது ஓட்டுறவருக்கே தெரியாம போகலாம், முட்டின பிறகு தான் தெரியும், அப்போ மனசு உடனே சொல்றது "பின்னால வந்து முட்டிட்டான்"னு தான். அவர் அத நம்பியிருக்கலாம். பிறகு லொறி கேமராவுல பதிஞ்ச வீடியோவ பார்த்துட்டும் அது தன் ஜீப்பே இல்லன்னாரே, அதுதான் பொய்.

தம்பி எனக்கு கோல் எடுத்தான். "அக்கா, நான் நின்னுக்கிட்டு தான் இருந்தேன், அவர்தான் வந்து முட்டினாரு, ஆனா எல்லாரும் என்னையே ஏசுறாங்க, ஒரு இருபதாயிரம் குடுத்துட்டு போயிறவா, இவங்களுக்கு கிளினிக் நம்பர் போயிரும்." நான் சொன்னேன், "ஒரு சதம் குடுக்காத தம்பி, மன்னிப்பும் கேக்காத, சண்டையும் புடிக்காத. அவங்கள ஒரு ஆட்டோவுல ஏத்தி விடு. வண்டிய அசைக்கிறதுக்கு முன்னுக்கு போட்டோ எடு."

காசு குடுக்காதன்னு சொன்னதுக்கு காரணம் வீம்பு இல்ல. ரோட்டுல வச்சு கையில குடுக்குற காசு பிறகு எங்க போனாலும் "பிழைய ஒத்துக்கிட்டு தானே குடுத்தான்"னு தான் பேசப்படும், அதுவும் எழுத்துல ஒன்னும் இல்லாம குடுத்தா, அவர் காசையும் வாங்கிக்கிட்டு நாளைக்கு போய் முறைப்பாடும் வைக்கலாம்.

போட்டோவுல எல்லாரும் அடிபட்ட எடத்த மட்டும் கிட்ட போய் எடுப்பாங்க. அது போதாது. ரெண்டு நம்பர் பிளேட்டும் ஒரே போட்டோவுல தெரியணும், ஏத்தம் எந்தப் பக்கம்னு தெரியுற மாதிரி தள்ளி நின்னு சைடுல இருந்து ஒன்னு எடுக்கணும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறத உள்ளுக்கு எடுக்கணும், நாலு டயரும் ரோட்டுல நிக்கிற எடத்த எடுக்கணும், ஒடஞ்ச துண்டு எங்க கெடக்குன்னு எடுக்கணும். தம்பி அத எல்லாம் எடுத்தான், கை நடுங்கி ரெண்டு மூனு ஆடிப்போயிருந்துச்சு, இருந்தாலும் போதுமா இருந்துச்சு. லொறிக்காரர் எறங்கி வந்து ஜீப்காரர்கிட்ட நீங்கதான் பின்னுக்கு வந்தீங்கன்னு சிங்களத்துல சொல்லியிருக்காரு, அந்த சத்தத்துல யாரும் காதுல வாங்கல. தம்பி அவரோட போன் நம்பர வாங்கி வச்சுக்கிட்டான். இந்த கேஸ்ல அவன் செஞ்ச காரியத்துலயே பெரிய காரியம் அதுதான்.

ட்ராபிக் பொலிஸ் ஒருத்தர் வந்து ரோட்ட க்ளியர் பண்ண சொன்னாரு, அதுல பிழை இல்ல, அந்த க்யூ நானுஓயா வரைக்கும் நின்னுருச்சு. ரெண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு வர சொல்லிட்டாரு.

ஸ்டேஷன்ல என்ன நடக்கும்னா, முதல்ல போய் பேசுறவர் கதை தான் முதல்ல எழுதப்படும், பிறகு வர்றவன் அந்த கதைக்கு பதில் சொல்ற ஆளா ஆயிருவான். ஜீப்காரர் முதல்ல போயிட்டாரு. நான் போய் சேர்றப்போ தம்பியோட வாக்குமூலத்த சிங்களத்துல எழுதி முடிச்சு சைன் வைக்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு சிங்களம் வாசிக்க தெரியும், வாசிச்சு பார்த்தா எல்லாம் இருக்கு, எந்த ரோடு, என்ன நேரம், எந்த வண்டி, எங்க அடி, ஆனா முட்டுற நேரம் ஆல்டோ ஓடிக்கிட்டு இருந்துச்சா நின்னுக்கிட்டு இருந்துச்சாங்கிறது மட்டும் இல்ல. கேஸே அந்த ஒரு வரியில தான் இருக்கு. வேணும்னு விட்டாங்கன்னு நான் சொல்லல, அவங்களுக்கு அது ஏற்கனவே முடிவான விசயம், அதனால கேக்கல. நான் மெதுவா தான் சொன்னேன், "சேர், தம்பி ஹேண்ட் பிரேக் போட்டு நின்னுக்கிட்டு இருந்ததா சொல்றான், அத சேர்த்துட்டா சைன் வைப்பான், பின்னால இருந்த லொறி ட்ரைவர் சாட்சி, அவர் நம்பரும் இருக்கு, அதையும் போடுங்க." முகம் சுளிச்சாங்க, ஆனா சேர்த்தாங்க.

இத நம்ம ஆளுக தெரிஞ்சு வச்சுக்கணும். 1987ல வந்த 13வது திருத்தத்துக்கு பிறகு தமிழும் இந்த நாட்டுல அரச கரும மொழி. தமிழ்ல முறைப்பாடு குடுக்க நமக்கு உரிமை இருக்கு. தமிழ் எழுத தெரிஞ்சவங்க அந்த நேரம் ஸ்டேஷன்ல இல்லாம போகலாம், அப்பிடின்னா வாசிச்சு காட்ட சொல்லி கேக்கணும், விளங்காத கடதாசியில சைன் வைக்காதீங்க. கேக்குறதுக்கு பயப்படுறோம், "பெரிய எடத்துல வாய காட்டாத"ன்னு சின்ன வயசுல இருந்து லயத்துல சொல்லி சொல்லி வளர்த்த பயம் அது, ஆனா மரியாதையா கேட்டா வாய் காட்டுறது ஆகாது.

பொலிஸ்ல ஒருத்தர் தம்பிய தனியா கூப்பிட்டு நல்ல மனசோட தான் சொன்னாரு, பின்னால உள்ளவன் தான் எப்பவும் பிழை, கோர்ட்டுக்கு போனா கவனயீனமா ஓட்டினதுன்னு கேஸ் விழும், அலைய வேண்டி வரும், பேசி முடிச்சுக்கோன்னு. அவர் பக்கத்தையும் யோசிச்சு பார்த்தேன். 2023 ஜனவரியில நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட்டுல ஸ்கூல் பிள்ளைகள ஏத்திக்கிட்டு வந்த பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் செத்தாங்க, அந்த மாதிரி எடத்துல வேல செய்ற பொலிசுக்கு ஒரு ஒடஞ்ச பம்பர் பெரிய விசயமா தெரியாது தான். ஆனா மாசா மாசம் லீசிங் கட்டுற ஒருத்தனுக்கு 150,000 சின்ன விசயமும் இல்ல, கவனயீனமா ஓட்டினான்னு விழுற பேரு அதவிட பெருசு, தலவாக்கலையில ஒரு ஹயர்காரன் பேரு கெட்டா கிளினிக் போற ஆயாவும் அவன் கார்ல ஏற மாட்டாங்க.

இன்சூரன்ஸ்ல தான் அடுத்த பொறி. ஆல்டோவுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்துச்சு, லீசிங் காருக்கு அது இல்லாம விட மாட்டாங்க. ஜீப்காரரும் பிறகு எறங்கி வந்து சொன்னாரு, காசு வேணாம், உன் இன்சூரன்ஸ்ல போடு, உனக்கு ஒரு நட்டமும் இல்ல தானே. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அவரோட ஜீப்ப நம்ம இன்சூரன்ஸ்ல செய்றதுன்னா நம்ம கிளைம் போர்ம்ல "நான் போய் முட்டினேன்"னு நம்ம கையால எழுதி சைன் வைக்கணும். கிளைம் எடுக்காத வருசத்துக்கு பிரீமியத்துல குறைக்கிற நோ கிளைம் போனஸ் போயிரும், அடுத்த வருச பிரீமியம் கூடும், பொலிஸ் என்ட்ரியில ஒரு கதை போர்ம்ல இன்னொரு கதைன்னா நாளைக்கு கிளைமும் நிக்காது. தம்பி கம்பனிக்கு கோல் எடுத்து அறிவிச்சான், அது கட்டாயம் செய்யணும், ஆனா போர்ம்ல நடந்தத மட்டும் எழுதினான்: வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு, முன்னால இருந்த ஜீப் பின்னுக்கு உருண்டு வந்து முட்டுச்சு.

இன்சூரன்ஸ்ல இருந்து சேதத்த பார்த்து மதிப்பிட வந்த அசெஸர் வயசானவரு, பேச்சு கம்மி. நாங்க கதைய சொல்ல தொடங்கினா "போட்டோவ காட்டுங்க தம்பி"ன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு அவர் பக்கத்துல நின்னு நான் படிச்சத இங்க கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல்ல ஒடஞ்ச ஹெட்லைட் துண்டுகள். அது எல்லாம் ஆல்டோவுக்கு முன்னால, ஜீப்புக்கு அடியில கெடந்துச்சு. நாங்க அதத்தான் பெரிய ஆதாரம்னு நெனச்சோம், முட்டின எடத்துல துண்டு விழுந்துச்சு, பிறகு கார் பின்னுக்கு தள்ளப்பட்டுச்சுன்னு. அவர் தலைய ஆட்டிட்டாரு. கார் போய் முட்டிட்டு ஏத்தத்துல பின்னுக்கு உருண்டு நின்னாலும் துண்டு அங்கதான் கெடக்கும், இது ரெண்டு பக்கமும் பேசும்னாரு.

பிறகு டயர் போட்டோவ பெருசாக்கி பார்த்தாரு. ஈர ரோட்டுல ஊசி இலையும் மண்ணும் சேறா படிஞ்சு கெடந்துச்சு. ஆல்டோவோட பின் டயர் ரெண்டுக்கும் நேர் முன்னால, டயர் அகலத்துக்கு, ஒரு அடி நீளத்துக்கு அந்த சேறு வழிச்செடுத்த மாதிரி ரோடு கருப்பா தெரியுது, வழிச்ச இலை டயருக்கு பின்பக்கம் சின்ன குவியலா ஒதுங்கி இருக்கு. சுத்துற டயர் இலைய அமுக்கிட்டு ஏறிப் போகும், வழிக்காது. பூட்டின டயர இழுத்தா தான் வழிக்கும். ஆல்டோவுல ஹேண்ட் பிரேக் புடிக்கிறது பின் சக்கரத்த. கார் மேல ஓடி வந்து முட்டியிருந்தா வழிச்ச இலை டயருக்கு முன்பக்கம் சேர்ந்திருக்கணும். அது பின்பக்கம் சேர்ந்திருக்குன்னா பிரேக் போட்டு நின்ன கார யாரோ கீழ் நோக்கி தள்ளியிருக்காங்க. தம்பி டயர போட்டோ எடுத்தது நான் சொன்னதால, நான் சொன்னது எங்கயோ கேள்விப்பட்டதால, ஆனா அதுல இவ்வளவு எழுதி வச்சிருக்குன்னு அவர் காட்டின பிறகு தான் விளங்குச்சு.

மூனாவது ஒசரம். டோ பாரோட உருண்டை பம்பர்ல வட்டமா ஒரு குழி விட்டிருந்துச்சு. அவர் அளவு நாடா வச்சு தரையில இருந்து குழியோட நடுவ அளந்தாரு, அவங்க ஆள் ஜீப்ப பார்த்தப்போ எடுத்த டோ பார் ஒசரத்தோட ஒத்துப் பார்த்தாரு, ரெண்டும் ஒன்னு. ஓடி வர்ற கார் கடுமையா பிரேக் அடிச்சா மூஞ்சி கீழ குனியும், அப்போ முன் வண்டியோட பார் நம்ம பம்பர்ல வழமைய விட மேல தான் குத்தும். இங்க குனிஞ்ச அடையாளம் இல்ல. பிரேக் அடிக்காமலே வந்து முட்டியிருந்தா இந்த அளவு சேதத்தோட நிக்காது, பொனட்டும் மடிஞ்சிருக்கும்னாரு.

இது எல்லாம் நல்ல ஆதாரம், ஆனா பொலிஸ்ல மேசையில வச்சு காட்டுறதுக்கு லொறியில பூட்டியிருந்த டேஷ் கேமரா வீடியோ தான் வேணும். டேஷ் கேமராவுல மெமரி கார்ட் நெறஞ்சதும் பழச அழிச்சுட்டு மேல எழுதும், கடைகள்ல உள்ள சிசிடிவியும் அப்பிடித்தான், அதனால "பொலிஸ் கேக்கட்டும், பிறகு எடுக்கலாம்"னு இருந்தா ஒன்னும் மிஞ்சாது. தம்பி எக்சிடன்ட் நடந்த அன்னைக்கே பின்னேரம் லொறிக்காரர தேடி நுவரெலியா மார்க்கெட் பக்கம் போயிட்டான். அவர் வெலிமடை பக்கத்து மனுசன், சாமான் ஏத்திக்கிட்டு இருந்தவரு வேலைய விட்டுட்டு கார்ட கழட்டி குடுத்து "கொப்பி எடுத்துட்டு தாங்க மல்லி (சிங்களத்துல தம்பி), தேவைன்னா நான் வந்து சொல்றேன்"னாரு. முன்ன பின்ன தெரியாத ஒருத்தனுக்காக, வேற பாசை பேசுறவனுக்காக. எங்க அம்மா இப்பவும் சாமி கும்பிடும்போது அவருக்கும் சேர்த்து தான் கும்பிடுறாங்க.

வீடியோ அரை நிமிசம் கூட வராது. லொறி ஒசரம், ஆல்டோ குட்டி கார், அதனால ஆல்டோவோட கூரைக்கு மேலால ஜீப் நல்லா தெரியுது. ஆல்டோவோட பிரேக் லைட் செவப்பா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. இடது பக்கம் ஒரு வெள்ளை மதகு, ஆல்டோவோட பின் கதவு அந்த மதகுக்கு நேரா அசையாம நிக்குது. ஜீப்போட பிரேக் லைட் அணையுது, ஜீப் பெருசாகிக்கிட்டே வருது, ஹோர்ன் சத்தம், பிறகு தான் ஆல்டோ மதக விட்டு விலகி லொறிய பார்த்து வருது.

விசாரணைக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்ட நாள் வேற ஒரு சார்ஜன் இருந்தாரு. நாங்க யாரையும் குத்தம் சொல்லல, வீடியோவ போட்டு காட்டுங்கன்னு மட்டும் கேட்டோம், டயர் போட்டோவ பெருசா பிரின்ட் போட்டு மேசையில வச்சோம். அவர் திரும்ப திரும்ப போட்டு அந்த மதகையே பார்த்தாரு. ஜீப்காரர் முதல்ல அது தன் ஜீப்பே இல்லன்னாரு, நம்பர் தெரிஞ்சதும், இவன் ரொம்ப கிட்ட நின்னான், இடம் விட்டிருந்தா பட்டிருக்காதுன்னு கதைய மாத்தினாரு. சார்ஜன் திருப்பி கேட்டாரு, அப்போ அவன் நின்னுக்கிட்டு இருந்தான்னு நீங்களே சொல்றீங்க தானே? அதோட கதை முடிஞ்சுச்சு. தம்பி மேல வழக்கு போடல. பொய்யா முறைப்பாடு வைக்கிறதும் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம், அத செய்ய சொல்லி நாங்க நிக்கல, என்ட்ரியில விசாரணை முடிவ எழுதி சான்றுபடுத்தின பிரதி ஒன்னு தாங்கன்னு எழுத்துல கேட்டோம், குடுத்தாங்க. அந்த கடதாசி இல்லாம ஸ்டேஷன விட்டு வரக் கூடாதுங்கிறது என்னோட பிடிவாதம், வாயால "சரி நீங்க போகலாம்"னு சொன்னது எந்த கம்பனியிலயும் செல்லாது.

மிச்சம் இருந்தது ஆல்டோவோட சேதம், 68,000 ரூபா, கராஜ் பில்லோட. ஜீப்காரர் போன எடுக்கல. இந்த மாதிரி சின்ன தொகைக்கு லாயர் வச்சு வழக்கு பேசுறது கட்டுப்படி ஆகாது, அதுக்குத்தான் 1988ம் ஆண்டு 72ம் இலக்க சட்டத்துல மத்தியஸ்த சபை இருக்கு. மூனு மத்தியஸ்தர் உக்காருவாங்க, லாயர் நம்ம சார்பா பேச முடியாது, நாமளே தான் பேசணும், செலவுன்னு பெருசா ஒன்னும் இல்ல. இணக்கம் வரலன்னா வரலன்னு ஒரு சான்றிதழ் தருவாங்க, அத வச்சு தான் கோர்ட்டுக்கு போகலாம். முதல் தவணைக்கு அவர் வரல. அடுத்ததுக்கு அவர் அப்பா கூட வந்தாரு, அந்த மனுசன் பொலிஸ் பிரதிய ரெண்டு தரம் வாசிச்சுட்டு மகனோட முகத்த பார்த்தாரு, வேற ஒன்னும் பேசல, பில் எவ்வளவுன்னு மட்டும் கேட்டாரு.

68,000ம் ரெண்டு தடவையா தர்றதா எழுதி ரெண்டு பக்கமும் சைன் வச்சோம், தந்துட்டாங்க. கார் கராஜ்ல கெடந்த நாளைக்கான ஹயர் காசையும் கேட்டோம், அத அவங்க ஒத்துக்கல, மத்தியஸ்தர்களும் அழுத்தல. எனக்கு அதுல இப்பவும் திருப்தி இல்ல, ஏன்னா சேதம்னு பார்த்தா ஒடஞ்ச ஹெட்லைட்ட விட அந்த ஓடாத நாள் தான் தம்பிக்கு பெருசு. தம்பி தான் "போதும்க்கா"ன்னு சொன்னான். சான்றுபடுத்தின பிரதிய காட்டி இன்சூரன்ஸ் கம்பனியில நோ கிளைம் போனஸ் அப்பிடியே இருக்குன்னு எழுத்துல வாங்கிட்டோம். அந்த மாச லீசிங் பிந்தினதுக்கு போட்ட தண்டப் பணத்த மட்டும் அவன் கையில இருந்து தான் கட்டினான்.